இந்த வீட்டுக்குச் சுரைக்காய்

ஸாஃபுவுக்கும் லெம்லெமுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு செம்மறிக்கடா.

கடா லெம்லெமுடையது. ஸாஃபு வாற்கோதுமையில் சுவா என்கிற நாட்டுக் கள் போட்டு விற்கிறவள். சுவா இல்லாமல் அடி கெல்வா என்கிற அந்த மலையூரில் கல்யாணமும் நடக்காது, கருமாதியும் நடக்காது. அன்றைக்கு அவள் பானையை வடித்துவிட்டுப் புளித்த சக்கையைக் கொல்லையில் கொட்டியிருந்தாள். கடா கள்ளிவேலியைத் தாண்டி வந்து சக்கையை வயிறு முட்டத் தின்றது. தின்றுவிட்டு, திருவிழாவுக்குப் போய்த் திரும்புகிற பெரிய மனிதர் மாதிரி தள்ளாடித் தள்ளாடி நடந்து, பாறை விளிம்பில் தடுக்கி விழுந்து செத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது லெம்லெம் சற்று உரக்கவே சொன்னாள்.

"ஸாஃபு சுவாவத் தொட்டா ஆடே உயிர விட்டுடுது. மனுசங்க பாத்துக் குடிங்கப்பா."

ஸாஃபு என்ன, விட்டுக்கொடுக்கிற ஆளா.

"என் சுவாவால சாகல அது. அந்த வீட்ல இருந்து இருந்து வெறுத்துப்போய்த் தானாப் போயி விழுந்துச்சு. எந்த ஜீவன்தான் அங்க தங்கும்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. கெஷி வெல்டு கூடத் தாடிக்குள் சிரித்ததாகப் பேச்சு. கெஷி என்றால் குருவானவர். அவர் சிரித்தால் அதற்குத் தீர்ப்பு மாதிரி ஒரு கனம் வந்துவிடுகிறது. லெம்லெம் வெள்ளைச் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு வீடுகளும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு சந்து. பொதி ஏற்றிய கழுதை வந்தால் நிற்கிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். முன்பெல்லாம் ஒருத்தி காப்பிக்கொட்டை வறுத்தால் வாசனை பிடித்து மற்றவள் தானாக வந்து உட்காருவாள். இப்போது காப்பி வறுக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாசனை மட்டும் கேட்காமல் போய் வந்துகொண்டிருந்தது.

ஊரைவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், சங்கத்தை விட்டு ஒதுங்க முடியுமா? இரண்டு பேரும் அப்பா மர்தோஸ் என்ற புனிதர் பேரிலான சங்கத்தில் இருந்தார்கள். மாதாமாதம் புனிதருடைய நாளில் ஒரு உறுப்பினர் வீட்டில் எல்லாரும் கூடி, ஜெபம் சொல்லி, ஒரே குவளையில் சுவா குடித்து, சாப்பிட்டுப் போவார்கள். சங்கத்தை விட்டு யார் முதலில் போகிறாளோ அவள்தான் தோற்றவள் என்று இரண்டு பேருமே முடிவு செய்து வைத்திருந்ததால், வேறு எவர் வராவிட்டாலும் இவர்கள் தவறாமல் வந்தார்கள்.

அப்பா மர்தோஸைப் பற்றி வெளியூரில் கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் சிரியா தேசத்திலிருந்து இந்த மலைகளுக்கு வேதம் சொல்ல வந்த புனிதர்களில் அவர்தான் கடைசி என்று அடி கெல்வாக்காரர்கள் சொல்வார்கள். வயிற்றுக் கோளாறு காரணமாக வழியெல்லாம் நின்று நின்று வந்தாராம். அவர் வந்து சேர்வதற்குள் நல்ல மலைகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பாம்பின் வாலைப் பிடித்து உச்சிக்கு ஏறிப் பெயர் வாங்கிவிட்டார். இவருக்கு மிச்சம் கிடைத்தது அடி கெல்வா. ஊர்க்கோயிலில் கூட இவர் படம் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் ஆள் மறைந்துவிடுவார்.

போதாக்குறைக்கு, அவருக்கு நாக்கு வளையாது. ஊர்ப் பாஷையை ஊற்றடியில் தண்ணீர் மொள்ளுகிற பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். அவர்கள் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார்களா, இவர்தான் தப்பாகப் பிடித்துக்கொண்டாரா தெரியாது. ஊர்த் தலைவன் வீட்டு வாசலில் போய் நின்று, "இந்த வீட்டுக்குச் சமாதானம் உண்டாவதாக" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இந்த வீட்டுக்குச் சுரைக்காய் உண்டாவதாக" என்றார். கல்லால் அடித்தார்கள். மறுநாளும் போனார், அதையே சொன்னார், மறுபடி அடி. இப்படி எத்தனையோ நாள். கடைசியில் ஒருநாள் உள்ளே இருந்த பெண் ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, "சரி, சுரைக்காய் எங்கே?" என்று கேட்டாள். அடி கெல்வாவுக்கு வேதம் வந்தது அந்த வழியாகத்தான்.

அதனால் இன்றைக்கும் அப்பா மர்தோஸ் நாளில் விருந்துக்குப் போகிறவர்கள் கையில் ஒரு காய்ந்த சுரைக்குடுவையோடு போய் வாசலில் அந்த வாழ்த்தைச் சொல்வார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களைச் சுரைக்காய்க்காரர்கள் என்று கூப்பிடுவார்கள்.

அந்த மாதம் விருந்து அராயா வீட்டில். அராயா கழுதை வைத்து உப்பும் தானியமும் ஏற்றுகிறவன். சங்கத்தில் அவனுக்குத் தனியாக ஒரு உத்தியோகம் இருந்தது. ஸாஃபுவுக்கும் லெம்லெமுக்கும் நடுவில் உட்காருவது.

"அராயா, அந்தப் பக்கம் இருக்கவங்ககிட்ட உப்பக் கேளு" என்றாள் ஸாஃபு.

"அக்கா, உப்பாம்."

"இருக்கிற உப்பையெல்லாம் வாயிலயே வச்சிருக்காங்களே, இன்னும் எதுக்குன்னு கேளு" என்றாள் லெம்லெம்.

"ஸாஃபு அக்கா, உப்பு வருது" என்றான் அராயா. மூன்று வருட அனுபவத்தில் எதைக் கொண்டுபோவது, எதை வழியில் இறக்கி வைப்பது என்று அவனுக்குப் பழகியிருந்தது.

கெஷி வெல்டு சங்கத்துக் குவளையைக் கையில் எடுத்தார். வழக்கமாகக் கண்ணை மூடியபடி முதல் ஆளுக்கு நீட்டுவார். அன்றைக்கு நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"பகை வச்சிருக்கவங்க ஒரே குவளையில குடிக்கக் கூடாதுங்கிறது சங்கத்துச் சட்டம். மூணு வருசமா நான் கண்ண மூடிக்கிட்டுக் குடுக்குறேன். எல்லாரும் எனக்குத் தூக்கம்னு நினைக்கிறீங்க."

எல்லாரும் தூக்கம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"மேல இருக்கிற மேட்டூர் மிக்காயேல் சங்கத்துல நம்மளச் சேந்துக்கச் சொல்றாங்க. ஆள் நிறைய இருக்காங்க. ஒலிபெருக்கி வாங்கிட்டாங்க. வருச விழாவுக்கு மாடு வெட்டுறாங்க."

"மாடா?" என்றான் அராயா.

"நீ சும்மா இரு. அடுத்த மாசம் ஸாஃபு வீடு. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆகணும். இல்லன்னா குவளையக் கொண்டுபோய் மிக்காயேல்காரங்ககிட்டக் குடுத்துடுறேன். அப்பா மர்தோஸுக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காது. அவரு கடைசியில நிக்கிறதுக்குப் பழகினவரு."

ஸாஃபு வீட்டுக்கு வந்ததும் யோசித்தாள். அப்பா மர்தோஸை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. புருசன் செத்த வருடம் எந்தப் பெரிய புனிதரைக் கூப்பிட்டாலும் அவருக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை நிற்பதுபோல் தோன்றியது. கதவுக்குப் பின்னால் இருந்த இவரிடம்தான் கூட்டமே இல்லை. அழுதாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் லெம்லெமிடம் போய்த் தலைகுனிய முடியுமா? அங்கேதான் அவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அப்பா மர்தோஸ் செய்ததையே செய்வது. காலையில் ஊர்ப்பெண்கள் தண்ணீருக்குப் போகும் நேரத்தில் சுரைக்குடுவையோடு லெம்லெம் வாசலில் நின்று வாழ்த்துச் சொல்வது. லெம்லெம் திறக்க மாட்டாள். அவளை ஸாஃபுவுக்குத் தெரியாதா. மறுநாளும் போய் நிற்பது. ஊர் பார்க்கும். கெஷி பார்ப்பார். ஸாஃபு அப்பா மர்தோஸ் வழியில் நடந்தவள் ஆவாள், லெம்லெம் கல்லெறிந்த கூட்டத்தில் சேர்வாள். சமாதானம் ஆகாவிட்டாலும் பழி யார் மேல் என்பது முடிவாகிவிடும்.

இதை நினைக்க நினைக்க அவளுக்குப் பக்தி பொங்கியது.

மறுநாள் காலையில் தோய்த்த சால்வையைப் போர்த்திக்கொண்டாள். தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்த்து முகத்தைத் தாழ்மையாக வைத்துப் பழகினாள். குடுவையை இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எதிர்க்கதவும் திறந்தது. லெம்லெம் நின்றாள். தோய்த்த சால்வை. இடுப்பில் சுரைக்குடுவை. முகத்தில் அதே தாழ்மை.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் ஸாஃபு.

"உன் வீட்டுக்குத்தான். நீ எங்க?"

"உன் வீட்டுக்கு."

மூன்று வருடத்துக்குப் பிறகு பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவைதான். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"நீ உள்ள போ" என்றாள் ஸாஃபு. "போய்க் கதவச் சாத்து. நான் வந்து தட்டணும்."

"நீ போய்ச் சாத்து. நான்தான் முதல்ல வெளிய வந்தேன்."

"என் கதவு முதல்ல திறந்துச்சு."

"உன் கதவு முதல்ல கத்துச்சு. திறந்தது என் கதவு. எண்ணெய் போடுறவங்க வீட்டுக் கதவு சத்தமில்லாமத்தான் திறக்கும்."

"அப்ப நீதான் அப்பா மர்தோஸா?"

"நீயா? அவரு வாயத் திறந்து யாரையாவது திட்டியிருப்பாரா?"

"திட்டுறதுக்கு அவருக்குத்தான் பாஷை தெரியாதே. தெரிஞ்சிருந்தா உன்னப் பாத்ததும் ஆரம்பிச்சிருப்பாரு."

தண்ணீருக்குப் போன பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். சத்தம் கேட்டுக் கெஷி வெல்டு, உழுவதற்குக் கிளம்பியவர், தோளில் நுகத்தடியோடு வந்து சேர்ந்தார். அராயா பொதி ஏற்றிய கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்தான். சந்து அடைத்துப்போனது.

"அக்கா, கழுதைக்கு வழி விடுங்க" என்றான் அராயா. "என்ன தகராறு?"

"இவ உள்ள போக மாட்டேங்கிறா. நான் சமாதானம் சொல்ல வந்திருக்கேன்" என்றாள் லெம்லெம்.

"நான் சமாதானம் சொல்ல வந்தேன், இவ வழிய மறிக்கிறா" என்றாள் ஸாஃபு.

"நல்லாருக்கு. சமாதானம் சொல்றதுக்கு இப்படி மல்லுக்கட்டுறத நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்ல." அராயா கழுதையின் கழுத்தில் சாய்ந்துகொண்டான். "சரி, ஒருத்தர் அப்பா மர்தோஸ். அப்ப அந்தக் கதவத் திறந்த பொம்பள யாரு? அந்தம்மா பேரு என்ன கெஷி அய்யா?"

கெஷி தாடியைச் சொறிந்தார். "பேரு தெரியாதுப்பா. யாரும் சொல்லி வைக்கல."

"அதான பாத்தேன். பேரு கிடைக்காத வேலைன்னா யாரு போவா? கழுதைகூட மணி கட்டினாத்தான் முன்னால நடக்குது."

பெண்கள் சிரித்தார்கள். லெம்லெம் வாய் திறப்பதற்குள் ஸாஃபு திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கோபத்தில் போனாளா, புத்தி வந்து போனாளா என்று பின்னால் பலர் கேட்டதுண்டு. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் அவள் சொல்வாள்.

வெளியே குசுகுசுப்பு அடங்கியது. கதவு தட்டப்பட்டது.

"இந்த வீட்டுக்குச் சுரைக்காய் உண்டாவதாக" என்றாள் லெம்லெம், ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

ஸாஃபு தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை அசையவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியே நிற்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியே நின்றால் வெயில் இருக்கிறது, பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது, தாழ்மையான முகம் இருக்கிறது. உள்ளே இருட்டும் தாழ்ப்பாளும்தான். கோயில் முற்றத்தில் லெம்லெம் சொன்னது காதில் கேட்டது. அதற்கு அடுத்த சந்தையில் பாதிப் பானை விற்காமல் தூக்கிக்கொண்டு வந்த வழி முழுக்க நினைவுக்கு வந்தது. பேர் தெரியாத அந்தப் பெண்ணும் இப்படித்தான் நின்றிருப்பாளோ? கல்லெறிந்தவர்கள் அவள் வீட்டு ஆட்கள்தானே. அவள் மடியிலும் கல் இருந்திருக்கும்.

மறுபடி தட்டினாள் லெம்லெம். மறுபடி வாழ்த்து. ஸாஃபு திறக்கவில்லை.

மூன்றாவது தடவை தட்டலே இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ நெற்றியைச் சாய்த்த மாதிரி மெல்லிய சத்தம். பிறகு ஊருக்குக் கேட்காத குரலில் லெம்லெம் பேசினாள்.

"ஸாஃபு, கால் வலிக்குதுடி. முட்டி வீங்கிக் கிடக்கு."

ஸாஃபு காதைப் பலகையில் வைத்தாள்.

"உன் சுவாவப் பத்தி நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ பானையத் திருப்பிக் கொண்டு வந்தத வாசல்ல இருந்து பாத்தேன். முதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சோறு இறங்கல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஆனா நீ சொன்னதும்... எந்த ஜீவன் அந்த வீட்ல தங்கும்னு சொன்ன பாரு. அந்த மாசந்தான் என் மக மெப்ராத் சொல்லாமக் கொள்ளாம அரபு நாட்டுக்குக் கிளம்பிப் போனா. நீ ஆட்டத்தான் சொன்ன. எனக்கு அவளச் சொன்ன மாதிரி இருந்துச்சு. முற்றமே சிரிச்சுது."

மெப்ராத் போனது ஸாஃபுவுக்குத் தெரியும். அந்தப் பெண் எண்ணெய் தேய்க்க, சடை போட என்று பாதி நாள் ஸாஃபு மடியில் வளர்ந்தவள். ஆனால் ஆடு விழுந்ததையும் பெண் போனதையும் அவள் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. நல்ல பதில் கிடைத்தது, சொல்லிவிட்டாள், சிரித்தார்கள், அவ்வளவுதான் அவளுக்கு.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு வழக்கம்போல் கத்திக்கொண்டு திறந்தது. லெம்லெம் சாய்ந்திருந்தவள் நேராக அவள் மேலேயே வந்து விழுந்தாள்.

ஸாஃபுவுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. கடைசியில் வந்தது இதுதான்:

"அந்தக் கடா மேல சத்தியமா எனக்கு அது தோணவே இல்லடி."

லெம்லெம் அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்துப்போன ஆட்டு மேல எதுக்குடி சத்தியம் பண்ற?"

"வேற எது மேல பண்றது? அவசரத்துக்கு அதுதான் வந்துச்சு."

லெம்லெமுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. பிறகு ஸாஃபுவுக்கும் வந்தது. நிற்க முடியாமல் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அழுகையா சிரிப்பா என்று வெளியே நின்றவர்களுக்குப் புரியவில்லை.

"என்ன சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் கெஷி.

"சண்டையில சொன்னதெல்லாம் மேட்டூர் வரைக்கும் கேட்டுச்சு, இதுதான் கேக்கல" என்று ஒரு பெண் குறைப்பட்டுக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். சந்து காலியானதும் அராயா கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனான்.

மறுமாதம் ஸாஃபு வீட்டில் விருந்து. வழக்கமான ஆட்களோடு மேட்டூரிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். மிக்காயேல் சங்கத்துக்காரர்கள்தான், சமாதானத்துக்காகச் சண்டை போட்ட பெண்களைப் பார்ப்பதற்கென்று வந்தவர்கள். கெஷி வெல்டு ஒன்றாய்ச் சேரும் பேச்சை எடுக்கவேயில்லை. அப்பா மர்தோஸின் கதையைச் சொல்லி வந்தவர், கதவு திறக்கும் இடத்தில் நின்று, "பேரு தெரியாத அந்தம்மாவும் நமக்காக வேண்டிக்கட்டும்" என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். எல்லாரும் தலை வணங்கினார்கள். பிறகு கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு குவளையை நீட்டினார்.

குவளை லெம்லெமிடம் வந்தது. அவள் அதை வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி ஒரே மூச்சில் பாதிக்கு மேல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இரு, பாறை விளிம்பு வரைக்கும் நடந்து காட்டு" என்றாள் ஸாஃபு.

மேட்டூர்க்காரர்களுக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தத் தடவை லெம்லெம்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். அவர்களுக்கு நடுவில் இருந்த அராயா, "எனக்கு இங்க என்ன வேலை இனிமே" என்று சொல்லிவிட்டு, கறிச்சட்டிக்குப் பக்கத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டான். மேட்டூர்க்காரர்களில் இரண்டு பேர், மாமியாரும் மருமகளும், கிளம்பும்போது கெஷியைத் தனித்தனியாகக் கூப்பிட்டு இந்தச் சங்கத்தில் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஒருத்தர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது.

எல்லாரும் போன பிறகு லெம்லெம் இருந்து பாத்திரம் கழுவிக்கொடுத்தாள். வெயில் இறங்கி மலைமுகம் சிவந்தபோது புறப்பட்டாள். விருந்தாளியை வாசலோடு விட்டுவிடுவது மரியாதை இல்லையாதலால் ஸாஃபு அவளை வழியனுப்பக் கூட நடந்தாள். சந்தின் அந்தப் பக்கம்தான் லெம்லெம் வாசல். அங்கே நின்று பேசினார்கள். பிறகு, தனியாக விடக்கூடாது என்று லெம்லெம் அவளை வழியனுப்ப இந்தப் பக்கம் வந்தாள். இங்கே நின்று பேசினார்கள். மறுபடி ஸாஃபு அந்தப் பக்கம் போனாள். லெம்லெமின் புருசன் தெக்கியா உள்ளேயிருந்து இரண்டு தடவை சாப்பாட்டுக்குக் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தானே போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

"மெப்ராத் போன் பண்றாளா?" என்று கேட்டாள் ஸாஃபு.

"வெள்ளிக்கிழமை பண்ணுவா. அவளும் ரொம்பப் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். நல்லாருக்கியான்னு கேப்பேன், நல்லாருக்கேன்னு சொல்லுவா."

"இந்த வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிடு. நான் பேசுறேன்."

"திட்டுவியா?"

"திட்டாமப் பின்ன? மடியில போட்டுச் சடை பின்னி விட்டிருக்கேன், சொல்லாமப் போயிருக்கா. நல்லாத் திட்டுறேன். அப்புறம் போன உன்கிட்டக் குடுக்குறேன், நீ சமாதானப்படுத்து."

"சரி" என்றாள் லெம்லெம். "ஆனா எங்க வீட்ல காப்பி குடிச்சிட்டு நிதானமாத் திட்டு. உனக்குப் பதில் சொல்லவாவது அவ நிறையப் பேசணும்."